மார்லின் 1894 கிளாசிக், .357 மேக்னம்: நின்று சுடுபவர்களுக்கான துப்பாக்கி

மேசையில் மணல் மூட்டை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்து, நூறு கெஜத்தில் காகிதத்தில் விழுந்த துளைகளை அளந்து மதிப்பெண் போடுகிறவர் நீங்கள் என்றால், மார்லின் 1894 கிளாசிக் உங்களுக்குச் சுமாரான துப்பாக்கி என்றுதான் தோன்றும். அதையே தோளில் ஏற்றி, எழுந்து நின்று, ஐம்பது கெஜத்தில் தொங்கும் இரும்புத் தட்டைப் பார்த்துச் சுடுங்கள், ஒரு குண்டு, லீவர், அடுத்த குண்டு, லீவர் என்று மேகசின் காலியாகும்வரை. அப்போதுதான் இது எதற்காகச் செய்யப்பட்டது என்று புரியும். ஒரு பருவம் முழுக்க இதைச் சுட்டுவிட்டு எழுதுகிறேன், எனக்கு இதைவிட நிறையச் சுடத் தூண்டிய ரைஃபிள் வேறு எதுவும் இல்லை.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். லீவர் ஆக்ஷனில் டிரிகரைச் சுற்றி இருக்கும் வளையமும் கைப்பிடியும் ஒரே துண்டு, அதுதான் லீவர். அதைக் கீழே முன்பக்கமாகத் தள்ளினால் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் வந்து, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை இழுத்து வெளியே எறிந்து, சுடும்போது அடிக்கும் சுத்தியான ஹேமரையும் தூக்கி நிறுத்திவிடும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் போய்விடும், போல்ட்டும் பூட்டிக்கொள்ளும். வேலை அவ்வளவுதான். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இருக்கும் நீளக் குழாயில், அதாவது மேகசினில், ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்.

1894 என்பது பெயருக்காக வைத்த எண் இல்லை, அந்த ஆண்டு வந்த வடிவமைப்பு அது. லூயிஸ் ஹெப்பர்ன் மார்லினுக்காக வடிவமைத்தது. அதே காலத்து வின்செஸ்டர் 1892, ஜான் பிரௌனிங் செய்தது, கூட்டை மேல்பக்கமாக எறியும். மார்லினில் மேல்பக்கம் மூடிய இரும்பு, கூடு வலப்பக்கத் திறப்பு வழியாக வெளியேறும். அன்றைக்கு இது மழையும் தூசும் உள்ளே போகாமல் இருக்க உதவியது, இன்றைக்கு அந்த மூடிய மேல்பக்கத்தில் துளை போட்டு, மரை வெட்டி, சின்னத் துளை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்டோ ஸ்கோப்போ நேராக உட்கார வைக்க முடிகிறது. வாங்கியவர்கள் பலர் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மார்லின் பக்கம் வந்திருக்கிறார்கள். பழைய 1894 .44-40 போன்ற தோட்டாக்களில் வந்து, நடுவில் நின்றுபோய், 1969-ல் .44 மேக்னத்தில் திரும்ப வந்தது.

நிறுவனத்தின் கதையும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பழையது வாங்கலாமா புதியது வாங்கலாமா என்கிற கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஜான் மார்லின் 1870-ல் தொடங்கிய கம்பெனி, கனெக்டிகட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. 2007 வாக்கில் இன்னொரு துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன் கைக்குப் போனது, பிறகு நியூயார்க்கின் இலியன் ஆலைக்கு வேலை மாறியது. இடம்மாறிய அந்த முதல் சில வருடத் துப்பாக்கிகளில் மரமும் இரும்பும் சரியாகச் சேரவில்லை, சைட் கோணலாக இருக்கிறது என்று நிறையப் பேர் குறை சொன்னார்கள். 2020-ல் ரெமிங்டன் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது மார்லின் பெயரை ரூகர் என்ற துப்பாக்கிக் கம்பெனி வாங்கியது. வட கரோலினாவின் மேயோடன் ஆலையில் முதலில் பெரிய மாடலான 1895 வந்தது, 2021 கடைசியில். 1894 அதற்குப் பின்னால். ரூகர் செய்ததா என்று பார்க்க வரிசை எண்ணைப் பாருங்கள், ஆர்எம் என்ற எழுத்துகளில் தொடங்கும். தோளில் வைக்கும் மரக் கட்டையின் அடிப்பக்கம் பதித்திருக்கும் சின்ன வட்டமும் சிவப்பு வெள்ளையில் இருக்கும், பழையதில் அது கறுப்பு வெள்ளை.

கையில் எடுத்ததும் முதலில் பிடித்தது கனம். சுமார் மூன்று கிலோ, அதுவும் இரண்டு கைக்கும் நடுவில் நிற்கிறது, முனை கீழே இழுக்கவில்லை. கட்டை வால்நட் மரம், பிடிக்கும் இடங்களில் கட்டம் வெட்டியிருக்கிறார்கள், வியர்த்த கையிலும் வழுக்காத அளவுக்குக் கூர்மை. இரும்பும் மரமும் சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் படி தட்டவில்லை. குழல் குளிர்நிலையில் சுத்தியால் அடித்து உருவாக்கியது, உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தால் குண்டைச் சுழல வைக்கும் பள்ளங்களின் விளிம்பு தெளிவாகத் தெரிகிறது. ஹேமர் பக்கத்தில் பட்டன் சேஃப்டி இருக்கிறது. 1980களில் சேர்த்தது, பழைய ஆட்கள் பலருக்கு இது கண்ணில் விழுந்த தூசு. எனக்கு அது தேவையான பொருள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தோட்டா நிரப்புவதைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. வலப்பக்கம் ஒரு சின்ன ஸ்பிரிங் கதவு இருக்கும், லோடிங் கேட் என்பார்கள். தோட்டாவின் மூக்கை அதில் வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். புதிய துப்பாக்கியில், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், இந்த ஸ்பிரிங் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு தோட்டாவையும் கடைசிவரை தள்ளிவிட்டு விரலை எடுத்தால் கதவு நகத்தடியில் கடித்துவிடும், நாலைந்து முறை நிரப்புவதற்குள் விரல் நுனி சிவந்துவிடும். அப்படிச் செய்ய வேண்டியதில்லை. தோட்டாவைப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டு அதன் பின்பக்கம் கதவிலேயே லேசாக நிற்கும்படி விட்டுவிடுங்கள், அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கதவு மூடவே மூடாது, விரலும் தப்பிக்கும். கடைசித் தோட்டாவை மட்டும் முழுதாகத் தள்ளிக் கதவை மூடினால் போதும். ஒரு தோட்டா மட்டும் சுட வேண்டுமென்றால் லீவரைத் திறந்து பக்கத் திறப்பிலேயே போட்டு மூடிவிடலாம், சைட் சரிசெய்யும் நாளில் நான் அப்படித்தான் செய்கிறேன்.

லீவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் நேரம் பேச வேண்டும். லீவர் ஆக்ஷன் சிக்குகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை கை பாதியில் நின்றதால் வருபவை. துப்பாக்கி உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக, மரியாதையாக, முக்கால்வாசி தள்ளிவிட்டுத் திரும்ப இழுப்பார்கள். கூடு வெளியே போயிருக்காது, அடுத்த தோட்டா பாதி ஏறி நிற்கும். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடியை முழுதாக ஏற்றி முழுதாக இறக்குவோமே, அந்தத் தைரியத்தோடு கடைசிவரை தள்ள வேண்டும், நிற்கிற இடத்தில் டக்கென்று சத்தம் கேட்கும். பிறகு அதே வேகத்தில் திரும்ப மூட வேண்டும். புதிதில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும். மருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் லீவரைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள், போல்ட் உரசும் இடங்களில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கொஞ்ச நாளில் அந்தக் கரகரப்பு காணாமல் போகும், வெளியே கொடுத்துத் தேய்க்கச் சொல்லிக் காசு செலவழிக்க வேண்டியதே இல்லை.

உள்ளே ஒரு நல்ல வேலைப்பாடு இருக்கிறது. ஹேமர் அடித்ததும் தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஒரே துண்டு இல்லை, இரண்டு துண்டு. லீவர் முழுதாக மூடி, பூட்டு மேலே ஏறினால்தான் பின்பக்கத் துண்டு நேர்கோட்டில் வந்து நிற்கும். அதற்கு முன்னால் ஹேமர் விழுந்தாலும் தோட்டா வெடிக்காது. அதோடு லீவரைக் கையால் நன்றாக அழுத்திப் பிடிக்காவிட்டால் டிரிகரே அசையாது. டிரிகர் வேலை செய்யவில்லை என்று பதறுவதற்கு முன் லீவர் முழுதாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி தோட்டா. .357 மேக்னம் துப்பாக்கியை வாங்கச் சொல்வதற்கு என்னுடைய முதல் காரணம் .38 ஸ்பெஷல். 1930களின் நடுவில் .357-ஐ உருவாக்கியபோது .38 ஸ்பெஷலின் கூட்டையே எடுத்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். குண்டின் விட்டம் ஒன்றே. பழைய .38 ரிவால்வரில் யாரும் இந்தப் பலமான தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் நீளத்தைக் கூட்டியது. அதனால் .357-ல் .38-ஐச் சுடலாம், .38-ல் .357-ஐச் சுட முடியாது. ரைஃபிளில் இதன் பலன் பெரியது. .38 போட்டால் தோளில் ஒரு தள்ளல்கூடத் தெரியாது, சத்தமும் தட்டையாக இருக்கும், புதிதாகச் சுட வருபவர் கண்ணைச் சிமிட்டாமல் பழக அதைவிட நல்ல தோட்டா மையவெடி வகையில், அதாவது பின்பக்க நடுவில் குத்தினால் வெடிக்கும் வகையில், கிடையாது. .357 போட்டால் அதே துப்பாக்கி வேறு ஆளாகிவிடும். கைத்துப்பாக்கியில் 158 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு) குண்டு வினாடிக்கு 1250 அடி சுற்றுவட்டாரத்தில் போகும், ரைஃபிளின் நீளக் குழலில் மருந்து முழுதாக எரிய நேரம் கிடைப்பதால் 1700, 1800 வரை ஏறிவிடுகிறது. அப்போதும் உதை மென்மையானதுதான்.

ஆனால் இரண்டையும் கலந்து சுடும்போது குறி மாறும், அதை மனதில் வைக்க வேண்டும். ஐம்பது கெஜத்தில் சைட்டைச் சரி செய்துவிட்டு நூறு கெஜத்துக்குப் போனால் .357 குண்டு மூன்று நான்கு அங்குலம் கீழே விழும், அது பரவாயில்லை. .38 குண்டு ஒரு சாணுக்கு மேல் கீழே போய்விடும். தட்டின் அடிவிளிம்பைக்கூடத் தொடாது. நான் ஐம்பதுக்கு .38, நூறுக்கு .357 என்று பிரித்துக்கொண்டேன், வேறு வேறு டப்பாவில் வைத்திருக்கிறேன், ஒரே நாளில் இரண்டையும் கலப்பதில்லை. நிறைய .38 சுட்ட பிறகு .357 போட்டால் சில சமயம் இறுக்கமாக உள்ளே போகும். குட்டைக் கூட்டின் வாய் நின்ற இடத்தில் கரி ஒரு வளையமாகப் படிந்திருக்கும். செம்புப் பிரஷ்ஷை அந்த இடத்தில் சுழற்றித் தேய்த்தால் சரியாகிவிடும், ஆனால் அதை விட்டுவைக்கக் கூடாது.

குழாய் மேகசினில் தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தில், சரியாக பிரைமர் இருக்கும் இடத்தில், அதாவது குத்தினால் தீப்பற்றி மருந்தை எரிய வைக்கும் சின்ன மூடி இருக்கும் இடத்தில், முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே கூர்முனை கொண்ட கெட்டிக் குண்டு இதில் கூடவே கூடாது, உதையில் ஒன்று இன்னொன்றின் பிரைமரைக் குத்திவிட்டால் மேகசின் உள்ளேயே வெடிக்கும். தட்டை மூக்குக் குண்டுதான் சரி. ஹார்னடி கம்பெனியின் லெவர்எவல்யூஷன் தோட்டாவில் கூர்முனை இருக்கிறதே என்றால், அந்த முனை அழுத்தினால் நசுங்கும் மென்மையான பொருள், குழாய் மேகசினுக்கென்றே செய்தது. மூக்கே இல்லாத வாட்கட்டர் தோட்டா ரிவால்வரில் அருமையாகச் சுடும், இதிலோ நீளம் போதாமல் ஏறும்போது தடுக்கும். 158 கிரெயின் தட்டை மூக்கு வாங்குங்கள், அதிலேயே நில்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரொம்ப மென்மையாக மருந்து நிரப்பிய .38 தோட்டாக்கள் கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலுக்காகச் செய்தவை. ரைஃபிள் குழலில் உரசல் அதிகம், குண்டு பாதி வழியில் நின்றுவிட வாய்ப்பு உண்டு. நான் வாங்கிய ஒரு பெட்டியில், கம்பெனி பெயர் வேண்டாம், ஒன்று வழக்கமான சத்தத்துக்குப் பதிலாகப் புஸ்ஸென்று அடங்கியது. லீவரைத் தொடாமல் அரை நிமிடம் முனையைக் குறிப்பக்கமே வைத்திருந்துவிட்டு, மேகசினையும் குழலின் பின்பக்கத்தையும் காலி செய்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பார்த்தேன், குண்டு உள்ளே நின்றிருந்தது. தடியால் தட்டி எடுத்தாயிற்று. சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தால் அடுத்ததைச் சுடவே சுடாதீர்கள், வரிசையாக வேகமாகச் சுடும்போது இது இன்னும் முக்கியம், கை பழக்கத்தில் லீவரைத் தள்ளிவிடும்.

சைட் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. துப்பாக்கியோடு வருவது முன்பக்கம் பித்தளைப் பொட்டு, பின்பக்கம் இரண்டு காதுகளுக்கு நடுவில் சின்ன வெட்டு உள்ள செமி பக்ஹார்ன். பார்க்க அழகு, அந்தக் காலத்து முகம். சுட்டால் அந்தக் காதுகள் பாதித் தட்டை மறைத்துவிடுகின்றன. ஏற்ற இறக்கத்துக்குப் படி வைத்த ஒரு தகடு இருக்கிறது, ஒரு படி நகர்த்தினால் நூறு கெஜத்தில் சில அங்குலம் மாறிவிடும், நடுவில் நிறுத்த வழியில்லை. பக்கவாட்டுக்குப் பித்தளை ஊசி வைத்துச் சுத்தியால் தட்ட வேண்டும். குண்டு இடப்பக்கம் விழுந்தால் பின் சைட்டை வலப்பக்கம் தட்டுங்கள், பின் சைட் போகும் திசையில்தான் குண்டும் போகும்.

இதைக் கழற்றிவிட்டுப் பீப் சைட் போட்டதும் துப்பாக்கியே மாறிவிட்டது. ஆக்ஷனின் மேல்பக்க மரையில் உட்காரும் சின்ன வட்டத் துளை அது. துளையைப் பார்க்கவே கூடாது, அதன் வழியாகப் பார்க்க வேண்டும், கண் தானாகவே வட்டத்தின் நடுவைத் தேடிக்கொள்ளும், நீங்கள் முன் பொட்டை மட்டும் கூர்ந்து பார்த்தால் போதும். பின் சைட்டுக்கும் முன் பொட்டுக்கும் நடுவே தூரம் கூடுவதால் சின்னத் தவறும் தெரிந்துவிடுகிறது. வயது ஏற ஏறப் பின் சைட் மங்கலாகத் தெரிபவர்களுக்கு இது வரப்பிரசாதம். உயரம் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள், சில பீப் சைட்டுக்கு முன் பொட்டையும் உயரமானதாக மாற்ற வேண்டி வரும். நான் முதலில் போட்ட பீப் சைட்டின் திருகு சில பெட்டித் தோட்டாக்களுக்குப் பிறகு தளர்ந்து, குறி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஓடியது. திருகைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, நீலநிறத் திருகுப் பசை ஒரு துளி விட்டு இறுக்கியதும் இன்றுவரை அசையவில்லை. ஸ்கோப் போடலாமா என்றால் போடலாம், மூடிய மேல்பக்கம் இருப்பதால் சுலபம். ஆனால் ஹேமரைத் தொட விரலுக்கு இடம் போதாமல் பக்கவாட்டில் ஒரு நீட்சி மாட்ட வேண்டும், துப்பாக்கி தலைகனத்துவிடும், வேகமாகத் தோளுக்கு ஏறும் அந்தக் குணம் போய்விடும். நான் போட மாட்டேன்.

மேசையில் வைத்துச் சுட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். தோது பட்ட .357 தோட்டாவில் நூறு கெஜத்தில் ஐந்து குண்டும் மூன்று அங்குலத்துக்குள் விழுகின்றன, பிடிக்காத தோட்டாவில் ஐந்து அங்குலத்துக்கு விரிகிறது. போல்ட்டையே கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்ஷன் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். குழலும் மேகசின் குழாயும் முன்கட்டையும் பட்டையால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன, குழல் சூடாகும்போது அந்தப் பட்டைகள் அதை ஒரு பக்கம் இழுக்கும், இது இந்த அமைப்பின் இயல்பு. இரண்டு விஷயம் செய்தால் கொஞ்சம் கூடிவரும். மணல் மூட்டையைக் குழலுக்கு அடியிலோ மேகசினுக்கு அடியிலோ வைக்காமல், முன்கட்டையில் ஆக்ஷனை ஒட்டிய இடத்துக்கு அடியில் வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் நேரம் விடுங்கள். சைட்டைச் சரிசெய்ய மேசை வேண்டும், அது முடிந்ததும் எழுந்துவிடுங்கள்.

நின்று சுடும்போது பொருந்த வேண்டியவை எல்லாம் பொருந்துகின்றன. கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, உடம்பைச் சற்று முன்சாய்த்து, கட்டையைக் கழுத்தெலும்புக்குக் கீழ் இருக்கும் சதையில் அழுத்தி, கன்னத்தை ஒட்டுங்கள். பொட்டு ஒருபோதும் அசையாமல் நிற்காது, நிற்க வைக்கப் பார்க்காதீர்கள். அது தட்டின்மேல் மெதுவாக எட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும், அந்த அசைவுக்குள்ளேயே டிரிகரை நிதானமாக அழுத்திக்கொண்டு போனால் எப்போது விழுந்தது என்று தெரியாமல் விழும். குண்டு போன பிறகும் ஒரு கணம் பொட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அப்புறம் தோளைவிட்டு எடுக்காமல், கன்னத்தைத் தூக்காமல் லீவர். இதில்தான் பலரும் தடுமாறுவார்கள், துப்பாக்கியை இறக்கி, இடுப்பருகே வைத்து லீவரைத் தள்ளிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். இடக்கை முன்கட்டையைத் தோளுக்குள் இழுத்துப் பிடித்திருந்தால் வலக்கை விடுதலையாக வேலை செய்யும், லீவர் மூடும்போது பொட்டு மறுபடி தட்டின்மேலேயே வந்து நிற்கும். விரலை டிரிகருக்கு வெளியே நீட்டிவைத்தே லீவரைத் தள்ளப் பழகுங்கள், வேகம் தானாக வரும்.

இரும்புத் தட்டில் .38 பட்டதும் சுட்டதற்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், பிறகுதான் டிங்கென்று கேட்கும். அந்த இடைவெளியில் லீவரைத் தள்ளிவிட்டால் சத்தம் வரும்போது நீங்கள் அடுத்ததற்குத் தயார். இந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் ஒரு பெட்டி தோட்டா எங்கே போனதென்றே தெரியாது. போட்டியாகச் சுட விரும்புகிறவர்களுக்கு லீவர் ஆக்ஷனுக்கென்றே சில்வெட் போட்டி இருக்கிறது, கோழி, பன்றி, வான்கோழி, ஆட்டுக்கடா வடிவத் தகடுகளை 50, 100, 150, 200 மீட்டரில் நின்றபடி சுட்டு விழுத்த வேண்டும். இருநூறு மீட்டருக்கு .357 கொஞ்சம் திணறும், கைத்துப்பாக்கித் தோட்டா ரைஃபிள்களுக்குத் தனிப் பிரிவும் நடத்துகிறார்கள், அதில் சேருங்கள். பழைய மேற்கத்திய உடையில் நேரம் வைத்துச் சுடும் கௌபாய் போட்டிகளிலும் இதே மாதிரித் துப்பாக்கிகள்தான், அதற்கான எஸ்.ஏ.எஸ்.எஸ். சங்கம் 1987 முதல் இருக்கிறது.

இரும்பில் சுடும்போது ரைஃபிள் குழலிலிருந்து போகும் .357-ஐக் கைத்துப்பாக்கிக் கணக்கில் பார்க்காதீர்கள். வேகம் அதிகம், சிதறலும் அதிகம். கெட்டிப்படுத்திய எஃகுத் தட்டாக இருக்க வேண்டும், பள்ளம் விழுந்த தட்டைத் தூக்கி எறிய வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் பட்ட சிதறல் உங்களை நோக்கியே திரும்பும். தட்டு சற்றுத் தலைகுனிந்து தொங்கினால் சிதறல் மண்ணுக்குப் போகும். தூரம் ரேஞ்சில் என்ன சொல்கிறார்களோ அது, நானாக .357-ஐ நூறு கெஜத்தைவிடக் கிட்டத்தில் இரும்பில் சுடுவதில்லை. கண்ணாடியும் காதடைப்பும் .38-க்கும் உண்டு, சத்தம் சின்னதாகத் தெரிவது காதுக்குக் கேடு இல்லை என்று அர்த்தமில்லை.

இப்போது அந்தப் பட்டன் சேஃப்டி. இந்தத் துப்பாக்கியைக் காலி செய்ய மேகசினில் இருக்கும் ஒவ்வொரு தோட்டாவையும் லீவர் வழியாகக் குழலுக்குள் ஏற்றி இறக்கித்தான் வெளியே எடுக்க முடியும். ஒவ்வொரு முறையும் ஹேமர் தூக்கி நிற்கும். பட்டனைப் போட்டுவிட்டால் ஹேமர் விழுந்தாலும் ஃபயரிங் பின்னைத் தொடாது, அந்த நிம்மதியோடு காலி செய்யலாம். இதற்காகவே அதைக் கழற்றி எறியச் சொல்பவர்கள் பேச்சை நான் கேட்பதில்லை. தோட்டா ஏற்றிய துப்பாக்கியில் கட்டைவிரலால் ஹேமரை மெதுவாக இறக்குவதைவிட முழுதாகக் காலி செய்துவிடுவது மேல். கடைசியில் திறப்புக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பாருங்கள், மேகசினைத் தள்ளும் முனை தெரிகிறதா என்றும் பாருங்கள். லைசென்ஸ், பூட்டுப் பெட்டி, தோட்டாவைத் தனியே வைப்பது எல்லாம் அவரவர் நாட்டுச் சட்டப்படி.

சுத்தம் செய்வதில் மார்லினை மிஞ்ச இந்த வகையில் ஆள் இல்லை. லீவரைப் பிடித்திருக்கும் ஒரே ஒரு திருகைக் கழற்றினால் லீவர் கையோடு வந்துவிடும், போல்ட்டைப் பின்னால் இழுத்தால் அதுவும் வரும், குழலைப் பின்பக்கத்திலிருந்தே தடி விட்டுத் துடைக்கலாம். வின்செஸ்டர் 1892 வகையில் இதற்கு ஏறக்குறைய எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், அதனால் பலரும் முனைப்பக்கமிருந்து தடி விட்டு, குழல் வாயைத் தேய்த்துவிடுகிறார்கள். ஒன்றில் மட்டும் கவனம். போல்ட்டை இழுத்ததும் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் என்கிற சின்ன நீளத் துண்டு நழுவி விழும். இடப்பக்க உள்சுவரில் ஒரு துளை இருக்கிறது, அதன் முளை அதில் உட்கார வேண்டும். திரும்பப் பூட்டும்போது முதலில் அதை அந்தத் துளையில் வைத்து விரலால் அழுத்திக்கொண்டே போல்ட்டைத் தள்ளுங்கள். அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்தால் விழுந்தது கண்ணுக்குத் தெரியும். திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் முனை உள்ள ஸ்க்ரூ டிரைவர் ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் கிடப்பதை வைத்துத் திருகினால் தலை சிதைந்து, அழகான கறுப்பில் வெள்ளைக் கீறல் விழுந்துவிடும்.

யாருக்கு வேண்டாம்? இருநூறு கெஜத்துக்கு மேல் சுடுகிறவருக்கு வேண்டாம், நூறில் ஒரு அங்குலத்தில் ஐந்து குண்டும் விழ வேண்டும் என்பவருக்கும் வேண்டாம், அவர்கள் போல்ட் ஆக்ஷன் வாங்கட்டும். இதற்கு முன் துப்பாக்கியே தொடாதவர் முதலில் ஒரு .22 லீவர் ஆக்ஷனில் தொடங்கலாம், தோட்டா செலவு குறைவு, கை லீவருக்குப் பழகிவிடும். .44 மேக்னமா .357-ஆ என்று தவிப்பவர்களுக்கு, குறி சுடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் .357 எடுங்கள். .44-ல் உதையும் செலவும் கூடும், நின்று நீண்ட நேரம் சுடும் நாளில் தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

பழைய 1894 ஒன்று நல்ல நிலையில் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டால், வாங்குமுன் கேரியரைப் பாருங்கள். மேகசினிலிருந்து வரும் தோட்டாவை மேலே தூக்கும் பாகம் அது. லீவரின் கூர்விளிம்பு பல வருடம் உரசி உரசி அதன் அடியில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். பள்ளம் ஆழமானால் கேரியர் சரியான நேரத்தில் எழாது, இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்து ஆக்ஷன் மொத்தமாகப் பூட்டிக்கொள்ளும், மார்லின் ஜாம் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். டம்மி தோட்டாக்களைக் கையோடு கொண்டுபோய், மேகசினை நிரப்பி, லீவரை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை வேகமாகவும் இயக்கிக் காலி செய்து பாருங்கள். எங்காவது தயங்கினால் லீவரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கேரியரை மாற்றலாம், லீவரின் அந்த விளிம்பை மழுக்கலாம், அதற்கான கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள், கழிக்க மாட்டேன் என்றால் புதியதையே வாங்குங்கள்.